அரை செகண்ட் லேட் ஆனதால தப்பிச்ச கதை | ஓசி சாஃப்ட்வேரை யாரு பாத்துக்குறது?

வணக்கம் மக்களே. ஃபேனை ஆஃப் பண்ணிட்டுத்தான் பேசுறேன், மைக்ல காத்து சத்தம் வருதுன்னு போன வீடியோல திட்டித் தீத்துட்டீங்க, அதனால வேர்த்து ஊத்துறத மட்டும் கண்டுக்காதீங்க. திட்டுறதப் பத்திதான் இன்னைக்கு மேட்டரே.

2024 மார்ச் 29, குட் ஃப்ரைடே. ஆபீஸ்ல சர்வர் பாத்துக்குற வேலை நமக்கு, லீவு நாளுன்னு சாப்ட்டுட்டு படுக்கப் போறேன், ஃப்ரெண்டு ஒருத்தன் போன் பண்ணி டேய் உங்க மெஷின்ல எக்ஸ்இசட் என்ன வெர்ஷன்னு உடனே பாருடாங்கிறான். எக்ஸ்இசட்னா ஃபைலைச் சுருக்குற டூல், ஜிப் மாதிரி ஒண்ணு. லினக்ஸ்னு விண்டோஸ் மாதிரி ஒரு ஃப்ரீ ஆபரேட்டிங் சிஸ்டம், சர்வர்ல பெரும்பாலும் அதான் ஓடும், அது இருக்குற இடத்துல எல்லாம் அநேகமா இந்த எக்ஸ்இசட்டும் இருக்கும், சாம்பார்ல பெருங்காயம் மாதிரி, இருக்குறதே தெரியாது. 5.6.0, 5.6.1 இந்த ரெண்டு வெர்ஷன்ல எவனோ கள்ளச்சாவி ஒளிச்சு வெச்சுட்டான். அந்தச் சாவி கையில இருக்குறவன் பாஸ்வேர்டே இல்லாம வெளியிலேர்ந்து உங்க சர்வருக்குள்ள வந்து என்ன வேணா பண்ணலாம். எங்ககிட்ட இருந்தது பழைய வெர்ஷன். அப்டேட் பண்ணாம சோம்பேறியா இருந்ததுக்கு வாழ்க்கையில மொத தடவையா சந்தோஷப்பட்டேன்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட்னு ஒருத்தர். மைக்ரோசாஃப்ட்ல வேலை, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் டெவலப்பர், செக்யூரிட்டி ஆளே கிடையாது. அவர் பாட்டுக்கு டேட்டாபேஸ் ஸ்பீடு டெஸ்ட் பண்ணிட்டு இருந்திருக்காரு, அப்போ மெஷினுக்குள்ள லாகின் ஆகுறதுக்கு வழக்கமா 0.3 செகண்ட் ஆகும், அது 0.8 ஆகுது. அரை செகண்ட் மக்களே. நானா இருந்தா நெட்டு ஸ்லோன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். மனுஷன் விடல, எங்கடா போச்சு அந்த அரை செகண்ட்னு தோண்டிக்கிட்டே போயி கடைசில எக்ஸ்இசட்ல வந்து நிக்குறாரு. அந்தக் கள்ளச்சாவி வெர்ஷன் டெபியன், ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகைகளோட சோதனை வெர்ஷன்களுக்குத்தான் பெரும்பாலும் அப்போ போயிருந்துச்சு, இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா உலகம் பூரா ஓடுற சர்வர்ல எல்லாம் உக்காந்திருக்கும்.

சரி, இது வரைக்கும் எல்லா சேனல்லயும் பாத்திருப்பீங்க. எனக்குத் தூக்கம் வராம பண்ணது இது இல்ல, கள்ளச்சாவி உள்ள வந்த விதம்தான்.

எக்ஸ்இசட்டை வருஷக்கணக்கா பாத்துக்கிட்டது ஒரே ஒருத்தர், பின்லாந்துல இருக்குற லாசே காலின். சம்பளம் கிடையாது. கோடு எல்லாருக்கும் தெறந்து கிடக்கும், யாரு வேணா திருத்தம் அனுப்பலாம், அவர் பாத்து சேத்துக்குவாரு. 2021 கடைசில ஜியா டான்ங்கிற பேர்ல ஒரு ஆளு வர்றான், சின்னச் சின்ன திருத்தம் அனுப்புறான், எல்லாமே ஒழுங்கான வேலை. 2022ல வேற ரெண்டு மூணு பேர்ல மெயில் வருது, ஏன் இவ்வளவு லேட்டு, இந்தப் ப்ராஜெக்ட்டே செத்துப்போச்சு, உனக்கு ஆர்வம் இல்லன்னா வேற ஆள் கையில குடுன்னு. லாசே பதில் போடுறாரு, ஆர்வம் போகல, ரொம்ப நாளா மனசு சரியில்ல, அதான் முடியல, இது சம்பளம் இல்லாம பொழுதுபோக்கா பண்ற வேலைங்கிறத ஞாபகம் வெச்சுக்கோங்கன்னு. அந்த மெயிலப் படிச்சப்ப ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு. அப்புறம் அந்த ஜியா டானுக்கே பொறுப்பைப் பிரிச்சுக் குடுக்குறாரு. ரெண்டு வருஷம் பொறுமையா நல்லபிள்ளையா வேலை பாத்துட்டு, 2024 பிப்ரவரில, டெஸ்ட் ஃபைலுன்னு சொல்லி அதுக்குள்ள சாவியை மறைச்சு வெச்சுட்டான். அவன் யாருன்னு இன்னி வரைக்கும் வெளிய வரல. அந்தத் திட்டுன ஐடியெல்லாம் அவனோட ஆளுங்கதான்னு பல பேரு சந்தேகப்படுறாங்க.

யோசிச்சுப் பாருங்க, அத்தனை கம்பெனி அந்த டூலை வெச்சு காசு பாக்குது, நான் ஒரு கை புடிக்கட்டுமான்னு வந்து தினமும் கூட நின்னவன் திருடன் ஒருத்தன்தான். தேரை ஒருத்தர் தனியா இழுக்குறாரு, ஊரே மேல ஏறி உக்காந்துக்கிட்டு வேகமா இழுய்யான்னு கத்துது.

ஒரு நிமிஷம், குக்கர் விசில்... ஆங், சொல்லுங்க. காசு குடுத்தா சரியாயிடும்னு கமெண்ட் வரும், தெரியும். 2014ல ஓப்பன்எஸ்எஸ்எல்னு, சைட்டுக்கும் நமக்கும் நடுவுல போற டேட்டாவை ரகசியமாக்குற ஓசி சாஃப்ட்வேர்ல, ஹார்ட்ப்ளீட்னு ஒரு ஓட்டை வெளிய வந்தப்பவும் இதேதான் பேசுனாங்க. இன்டர்நெட்ல பூட்டு போட்ட சைட்டுல பெரும்பகுதி அதை நம்பித்தான் ஓடுச்சு, நன்கொடைன்னு வந்தது வருஷத்துக்கு சுமார் 2000 டாலர். நம்ம தெரு பிள்ளையார் சதுர்த்திக்கே அதை விட அதிகம் வசூலாகும். ஓட்டை வெளிய வந்ததுக்கு அப்புறம் பெரிய கம்பெனியெல்லாம் சேர்ந்து லினக்ஸ் ஃபவுண்டேஷன்ங்கிற அமைப்பு மூலமா ஃபண்டு போட்டாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷம் கழிச்சு எக்ஸ்இசட். அந்த ஃபண்டு போய்ச் சேர்ந்தது பேரு தெரிஞ்ச ப்ராஜெக்ட்டுக்கு, பெருங்காயத்தை எவன் பாத்தான்?

இப்ப என் கதை, கொஞ்சம் அசிங்கமானது. ரொம்ப நாள் முன்னாடி போன்ல ஒரு தமிழ் கீபோர்டு ஆப் வெச்சிருந்தேன், ஃப்ரீ, விளம்பரம்கூட கிடையாது, ஒரே ஒருத்தர் பண்றது. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் 'ஸ்ரீ' அடிச்சா உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. என்ன பண்ணேன்? ஒரு ஸ்டார் போட்டு, ரெண்டு நாள்ல சரி பண்ணலன்னா டெலீட் பண்ணிடுவேன்னு எழுதுனேன், ஏதோ மாசாமாசம் சந்தா கட்டுறவன் மாதிரி. அவர் பதில் போட்டாரு, மன்னிச்சுக்கோங்க சார், பாப்பாவுக்கு காய்ச்சல், ஞாயித்துக்கிழமை பாத்துடுறேன்னு. ஞாயித்துக்கிழமை சரியும் ஆயிடுச்சு. அந்த ஒரு ஸ்டாரை நான் மாத்தவே இல்ல, மறந்தே போயிட்டேன்.

லாசேவோட அந்த மெயிலப் படிச்ச அன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. தேடிப் போயி அஞ்சு ஸ்டாரா மாத்திட்டு, எனக்கு கோடிங் வராது, வேற ஏதாவது ஹெல்ப் வேணுமான்னு மெயில் போட்டேன். அனுப்புனப்புறம்தான் உறைக்குது, ஜியா டானும் இதே மாதிரிதானடா வந்தான்னு. அவரும் அதையே கேட்டுட்டாரு, சிரிப்பு ஸ்மைலி போட்டு, சார் நீங்க நெசமாவே ஆளா இல்ல ஃபேக் ஐடியான்னு. அப்புறம் கேட்டது ஒண்ணே ஒண்ணு: உங்க போன் மாடல் என்கிட்ட இல்ல, புது வெர்ஷன் அனுப்புறேன், டைப் பண்ணிப் பாத்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப முடியுமா?

அதான் இப்ப ஓடிட்டு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு பக்கம் டைப் பண்ணி எது உடையுதுன்னு வட்டம் போட்டு அனுப்புறேன், மெதுவாத்தான் போகுது, அவருக்கு ஆபீஸ் வேலை, எனக்கு என் வேலை. இந்த வாரம் 'க்ஷ' வந்துடுச்சு. புது வெர்ஷன்ல 'ஸ்ரீ' மறுபடியும் உடையுது. சரி மக்களே, ஃபேனைப் போட்டுக்குறேன்.