மூக்குச் சொற்களும் ஒளிச் சொற்களும்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலச் சொற்களை மனத்தில் பதியவைக்க நம் பிள்ளைகள் கையாளும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். ஏ முதல் இசட் வரை அச்சிட்ட பட்டியலை எடுத்து, சொல்லும் பொருளுமாக உருப்போடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் அப்படியே. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், அதே பட்டியலை வேறு விதமாகவும் பார்க்கலாம் என்று சொல்லவே இன்று வந்திருக்கிறேன். ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் சில இடங்களில் பொருளாலும் உறவுடையவையாக இருக்கின்றன. சில இடங்களில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லா இடங்களிலும் அன்று.

எஸ், என் என்னும் இரண்டு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஸ்னோர் என்றால் குறட்டை விடுவது. ஸ்னிஃப் என்றால் மோந்து பார்ப்பது. ஸ்னார்ட் என்பது குதிரை மூக்கால் சீறுவது. ஸ்னவுட் என்பது பன்றிக்கும் நாய்க்கும் முன்னே நீண்டிருக்கும் மூக்கு. ஸ்னஃப் என்பது நம் பெரியவர்கள் மடியில் வைத்திருந்த மூக்குப்பொடி. ஒருவரை ஏளனமாகப் பார்த்து முகத்தைச் சுளிப்பது ஸ்னியர். தலைக்கனம் பிடித்தவரைக் குறிக்கும் ஸ்னூட்டி என்ற சொல்லும் மூக்கைக் குறிக்கும் ஸ்னூட் என்பதிலிருந்து வந்ததே. இத்தனை சொற்களிலும் மூக்கு ஒளிந்திருக்கிறது. ந என்னும் ஒலியை எழுப்பும்போது காற்று மூக்கின் வழியே செல்வதுதான் காரணம் என்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆனால் மகரமும் மூக்கொலிதானே? எஸ், எம் என்று தொடங்கும் சொற்களில் மணத்தைக் குறிக்கும் ஸ்மெல் ஒன்று இருக்கிறது. ஸ்மைலுக்கும் ஸ்மாலுக்கும் மூக்கோடு என்ன தொடர்பு? ஆகவே ஒலியை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. தும்முவதற்கு ஆங்கிலத்தில் ஸ்னீஸ் என்கிறோம். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் எஸ்ஸில் தொடங்கவில்லை. எஃப், என் என்று, ஏறக்குறைய ஃப்னீஸ் போலத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர் ஒரு குடிகாரச் சமையற்காரனைப் பற்றி எழுதியபோதும் எஃப், என் என்றே எழுதினார். பின்னர் அந்த எழுத்துக் கூட்டு வழக்கொழிந்து, சிலர் எஃப்பை விட்டுவிட்டு வெறுமனே நீஸ் என்றார்கள். எலிசா தீர்க்கதரிசி உயிர்ப்பித்த சிறுவன் ஏழு முறை தும்மினான் என்று விவிலியத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறதல்லவா? 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற்பதிப்பில் அந்தச் சிறுவன் நீஸ் என்றுதான் தும்முகிறான். இன்றைய பதிப்புகளில் அதை ஸ்னீஸ் என்று மாற்றி அச்சிடுகிறார்கள். இந்த எஸ் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் எஸ்ஸை நீளமாக, மேலே கொக்கிபோல் வளைத்து எழுதும் வழக்கம் இருந்தது. எஃப்புக்கும் அதற்கும் வேறுபாடு நடுவிலுள்ள சிறு குறுக்குக் கோடு மட்டுமே. ஏட்டில் எஃப்பைப் பார்த்தவர்கள் அதை எஸ் என்று படித்திருக்கலாம் என்பது அறிஞர்கள் கூறும் ஒரு விளக்கம். ஆனால் அந்தப் பிழை ஏன் நிலைத்தது? குறட்டையும் மோப்பமும் மூக்குப்பொடியும் ஏற்கெனவே எஸ், என் என்னும் வீட்டில் குடியிருந்தபடியால், தும்மலை அவை தத்தெடுத்துக்கொண்டன என்றே நான் கருதுகிறேன்.

ஜி, எல் என்பது இன்னொரு கூட்டம். கிளோ, கிளீம், கிளிட்டர், கிளின்ட், கிளிம்மர் யாவும் ஒளியின் வகைகள். கண்ணைக் கூசவைப்பது கிளேர், கணநேரப் பார்வை கிளிம்ப்ஸ். மகிழ்ச்சியைக் குறிக்கும் கிளாட் என்ற சொல்லுக்குக்கூடப் பழைய ஆங்கிலத்தில் ஒளிர்வது என்ற பொருள் இருந்தது. இவற்றுள் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. ஆனால் கிளான்ஸ் அப்படியன்று. அது பிரெஞ்சு மொழி வழியாக, சாய்வாகப் பட்டு வழுக்கிச் செல்வது என்ற பொருளில் வந்தது. வந்த இடத்தில் கண்ணோடு உறவாகிப் பார்வையைக் குறிக்கலாயிற்று. தும்மலுக்கு நேர்ந்ததுபோலவே இதற்கும் நேர்ந்தது. கையுறையான கிளவ்வும் பசையான கிளூவும் அதே எழுத்துகளில் தொடங்கியும் ஒட்டாமல் நிற்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

இத்தகைய ஒலிக்கூட்டுக்கு 1930இல் ஃபோனஸ்தீம் என்று பெயரிட்டவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர். இலண்டனுக்குத் திரும்புமுன் லாகூரில் ஆங்கிலம் கற்பித்தவர். 1934இல் ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்காகத் தமிழ் உச்சரிப்பைப் பற்றிச் சிறு விளக்கமும் எழுதியவர். நம் தொல்காப்பியரோ, மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா என்றார். சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் வெளிப்படையாகத் தெரியாது என்பது அதன் கருத்து. அவர் காரணம் இல்லை என்று சொல்லவில்லை, பளிச்சென்று தெரியாது என்றுதான் சொன்னார் என்பதை உரையாசிரியர்களும் கவனித்திருக்கிறார்கள். பெஞ்சமின் பெர்கன் என்ற ஆய்வாளர் 2004இல் வெளியிட்ட சோதனை முடிவையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கிளிட்டர் என்ற சொல்லைக் காட்டிய உடனே கிளோ என்ற சொல்லைக் காட்டினால், படிப்பவர்கள் அதை விரைவில் அடையாளம் காண்கிறார்கள். பொருள் மட்டும் ஒத்த சொற்களுக்கும் எழுத்து மட்டும் ஒத்த சொற்களுக்கும் அந்த அளவு விரைவு இல்லை.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். டபிள்யூ, ஆர் கூட்டத்தை நிதானமாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இப்போது ஓட்டமாகவே சொல்கிறேன். அதில் டபிள்யூ ஒலிப்பதில்லை, ஆனால் அது நிற்கும் இடத்தில் முறுக்கல் உண்டு. திரும்பும் மணிக்கட்டு ரிஸ்ட், திருகும் கருவி ரெஞ்ச், தோலின் சுருக்கம் ரிங்கிள், மலர் வளையம் ரீத், மல்யுத்தம் ரெஸ்லிங். தவறு என்னும் பொருளுடைய ராங் என்ற சொல்லும் முதலில் கோணலையே குறித்தது. எழுதுவதைக் குறிக்கும் ரைட் மட்டும் கீறுவது என்னும் வேறு வேரிலிருந்து வந்து இடையில் நிற்கிறது. ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் 1653இல் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இந்தக் கூட்டத்தைக் குறித்துவைத்தார். சொல்லின் கடைசியில் வரும் யூ, எம், பி கூட்டத்தை, அதாவது பம்ப், லம்ப், ஹம்ப், ஸ்டம்ப் போன்ற திரட்சியும் மேடுமான சொற்களை, இனி நீங்களே தேடிப் பார்க்க வேண்டியதுதான். வணக்கம்.