21ஆம் பக்கத்துப் புள்ளி

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்கு முன்னால் குறுந்தொகைக் காதலை அவ்வளவு அழகாகப் பேசி அமர்ந்திருக்கும் தமிழாசிரியை அம்மா அவர்களே, மைக் கட்டிய தம்பிகளே, முன்வரிசையைக் காலியாக விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் ஈரிழைத் துண்டு போர்த்திய நூலகர் அம்மாவுக்குத் தனி வணக்கம். துண்டு என்றால் தினமும் உதவும்.

இந்தக் காலத்துக் காதல் நாவல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு விஷயம் சொல்கிறேன். எப்படிப் பொறுக்குவது, எங்கே வாங்குவது.

முதலாவது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் எந்தச் சோறு? மேலே மிதப்பதை எடுத்து யாரும் பதம் பார்ப்பதில்லை. கரண்டியை அடிவரை விட்டுக் கிளறி, நடுவிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்குவார்கள். நாவலின் முதல் அத்தியாயம் மேலே மிதக்கிற சோறு. அங்கே எல்லா நாயகனும் ஆறடி, எல்லா நாயகியும் மழையில் நிற்பாள். நீங்கள் 80ஆம் பக்கத்தைப் பிரியுங்கள். அவளுக்கு ஒரு வேலை இருக்கிறதா, அந்த வேலையை அவள் பார்க்கிறாளா, அவள் ‘வேண்டாம்’ என்றால் அவன் காதில் விழுகிறதா? ஃபோனில் வரும் தொடர்களில் ‘ஆன்டி ஹீரோ கதை’ என்று முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். மூன்றாவது எபியில், அதாவது எபிசோடில், கட்டாயத் தாலி, முப்பதாவது எபியில் மன்னிப்பு. எனக்கு ஒத்துவரவில்லை. என் மகள் விடிய விடியப் படிக்கிறாள். சரி, அது எங்கள் வீட்டுச் சண்டை.

என் அத்தை கதையைச் சொல்லியாக வேண்டும். நான் எட்டாவது படித்தபோது பஸ் ஸ்டாண்டு பக்கம், சைக்கிள் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவே ஒரு லெண்டிங் லைப்ரரி. அத்தைக்கு மாத நாவல் வாங்கி வருவது என் வேலை. ஒருநாள் கொடுத்ததும் கோபம். “படிச்சதையே கொண்டு வந்திருக்கியேடா!” பைண்டு போட்டு அட்டையே மாறியிருந்தது, எனக்கு எப்படித் தெரியும்? “21ஆம் பக்கத்தைப் பாரு” என்றார். பக்க எண்ணுக்குக் கீழே ஒரு பென்சில் புள்ளி. அது அத்தை வைத்தது. பக்கத்திலேயே ஒரு பெருக்கல் குறி, ஒரு ‘ச’, ஒரு நட்சத்திரம். ஊரில் இருக்கிற பெண்கள் படித்த புத்தகத்துக்கு ஆளுக்கொரு அடையாளம் வைத்திருந்தார்கள். “குறி நிறைய இருக்கிற புக்கா எடு. ஒரே குறி ரெண்டு தடவை இருந்தா, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டு வா.”

அப்படி ஒரு தடவை பதினொரு குறி இருந்த நாவலை எடுத்து வந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு அத்தை அலறினார். கடைசி எட்டுப் பக்கம் கிழிந்து போயிருந்தது. அப்போதே என்னைக் கடைக்கு ஓட்டினார். கடைக்காரர் பாதிக் கதவை இறக்கிவிட்டு, “அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லுப்பா” என்றார். ஓடிவந்து சொன்னேன். அத்தை சொன்னது: “அது எனக்குத் தெரியாதா? எப்படி ஆச்சுன்னு கேட்டுட்டு வா!”

மறுபடி ஓடினேன். கடை பூட்டியிருந்தது.

இப்போது இரண்டாவதுக்கு வருகிறேன், இதற்குத்தான் வந்தேன். அத்தையின் புள்ளிக்கு இந்த நூலகத்தில் பெயர் தேதிச் சீட்டு, புத்தகத்தை ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் முத்திரை குத்துகிற தாள். போன வாரம் இரண்டு புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு குடும்ப நாவலின் சீட்டு நிறைந்து, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதிலும் முத்திரைக்கு இடமில்லை. பக்கத்து அலமாரியில் தலையணை கனத்துக்கு ஒன்று, சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்! ஆனாலும் காதல் நாவல் கேட்டால் ‘அதெல்லாம் இலக்கியமா’ என்கிறார்கள். பெண்கள் அலமாரியைக் காலி செய்து படித்த நாவலாசிரியை டாக்டர் திரிபுரசுந்தரி, அதாவது லக்ஷ்மி, 1984இல் சாகித்திய அகாடமி விருது வாங்கியவர்தானே? சீர்காழியில் பிறந்த, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். எந்த வாசகர் என்று அவர் பிரிக்கவில்லை.

வீட்டு வரி ரசீதைப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக இருக்கும். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டம் கொண்டுவந்த வரி. இன்று சொத்து வரியில் 10 சதவீதம். மாத நாவல் படிக்கிறவர் வீட்டிலும் அதைத்தான் வசூலிக்கிறார்கள்.

அதனால் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய நாவலின் பெயர், உறுப்பினர் எண், கையெழுத்து. டீயும் போண்டாவும் அதற்குப் பக்கத்து மேசையில்தான். முதல் கையெழுத்தை வார்டு உறுப்பினர் அவர்கள் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும். படித்த நாவல் எது என்று கேட்க மாட்டோம்.