பெப்சி பாசியும் நம்ம ஊர்ப் பணமும்

[காட்சி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர், வடகடல் (பாக் விரிகுடா) கரை. காலை வெயில். தண்ணீரில் வரிசையாக மூங்கில் மிதவைகள்.]

வணக்கம். எனக்குப் பின்னால் மிதக்கிற மூங்கில் சட்டங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் கயிறு கயிறாகப் பாசி தொங்குகிறது. இதன் அறிவியல் பெயர் கப்பாபைகஸ். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கரையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 'பெப்சி பாசி' என்று கேட்க வேண்டும்.

குளிர்பானக் கம்பெனியின் பெயர் பாசிக்கு எப்படி ஒட்டியது? அந்தக் கதைக்குள்ளேயே ஒரு பெரிய பொருளாதாரக் கேள்வி இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனி ஓர் ஊருக்குள் பணம் போட்டால், உள்ளூர்க்காரர்கள் போடும் பணம் கூடுமா, குறையுமா?

[காட்சி: பாறையோரம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள்]

முதலில் பழைய நிலவரம். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுப்பது இங்கே பல தலைமுறைத் தொழில். போட்ட முதல் என்று பார்த்தால் ஒரு கண்ணாடி, விரலில் சுற்றத் துணி, ஒரு சாக்கு. மற்றதெல்லாம் மூச்சுதான். கடன் கேட்டுப் போனால், எதை நம்பிக் கொடுப்பது என்று வங்கி கேட்கும். கேள்வி நியாயமானதும்கூட.

கப்பாபைகஸ் பிலிப்பைன்ஸ் கடல் பக்கத்துப் பாசி. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதை இங்கே வளர்த்துப் பார்த்தது. அந்தத் தொழில்நுட்பத்தை 2000-ஐ ஒட்டி பெப்சிகோவின் இந்திய நிறுவனம் வாங்கியது. பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக வைத்திருக்கும் பொருள். உலகம் முழுக்க அதற்குச் சந்தை உண்டு.

கம்பெனி சொன்னது ஒன்றுதான்: வளர்த்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

அந்த வார்த்தை வந்ததும் வங்கிக்கு நம்பிக்கை வந்தது. மகளிர் குழுக்களுக்குக் கடன் கிடைத்தது. மூங்கில் வாங்கினார்கள், கயிறு வாங்கினார்கள், மீன் கடிக்காமல் இருக்க அடியில் வலை கட்டினார்கள். ஒரு மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால், 45 நாளில் ஏறக்குறைய நாலு மடங்காகும். இதுவரை முதலீடு என்ற சொல்லே தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இருந்த வீடுகள் முதலீடு செய்தன. யாருடைய கடையையும் மூடி இது வரவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் கடையே இல்லை.

[காட்சி: கரும்பலகையில் 100, 150, 60]

சரி, இதைக் கணக்காகப் பார்ப்போம். வெளியிலிருந்து 100 ரூபாய் வருகிறது. மொத்த முதலீடும் 100 ரூபாய்தான் கூடியது என்றால் உள்ளூர் முதலீட்டில் மாற்றமில்லை. 150 ரூபாய் கூடினால் வந்த பணம் உள்ளூர்ப் பணத்தையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறது. 60 ரூபாய்தான் கூடியது என்றால், 40 ரூபாய் உள்ளூர் முதலீடு எங்கோ நெருக்கித் தள்ளப்பட்டிருக்கிறது.

மானுவேல் அகோசின், ரிக்கார்டோ மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாட்டுக்காக 2000-ல் இதை அளந்தார்கள். 1970 முதல் 1996 வரையிலான கணக்கு. ஆசியாவில் அந்நிய முதலீடு உள்நாட்டு முதலீட்டை இழுத்து வந்திருந்தது. ஆப்பிரிக்காவில் அந்த இழுப்பு குறைவு. லத்தீன் அமெரிக்காவிலோ தள்ளிவிட்டிருந்தது. டாலர் ஒன்றுதான், வந்து இறங்கிய இடம்தான் வேறு.

தள்ளிவிடுவது எப்படி நடக்கும்? ஒன்று, இருக்கிற கம்பெனியையே வாங்கிவிடுவது. 1993-ல் கோகோ கோலா இந்தியாவுக்குத் திரும்பியபோது தம்ஸ் அப், லிம்கா பெயர்களை பார்லே என்ற இந்தியக் கம்பெனியிடமிருந்து வாங்கியது. அப்படிக் கைமாறும் பணத்தால் புதிதாக ஒரு செங்கல்கூட எழும்பாமல் போகலாம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அதுவும் அந்நிய நேரடி முதலீடுதான்.

[காட்சி: ராமேஸ்வரம் துறைமுகம், ஐஸ் உடைக்கும் ஆட்கள்]

இன்னொன்று நம் கடலுக்கே வந்தது. 1991-ன் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை, வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களுக்கு உரிமம் கொடுத்தது. நாடு முழுக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். இதைப் பரிசீலிக்க அரசு அமைத்த முராரி குழு 1996-ல் அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. மீனவர்களின் பயத்தில் பொருளாதாரம் இருந்தது. ஒரு விசைப்படகு கரைக்கு வந்தால் ஐஸ் கம்பெனி, ஏலக்காரர், வலை பின்னுகிறவர், லாரிக்காரர் என்று ஒரு வரிசையே பிழைக்கிறது. கப்பலிலேயே பதப்படுத்தி அப்படியே வெளிநாட்டுக்குப் போகிற மீனுக்கு இதில் யாரும் தேவையில்லை.

என்னைக் கேட்டால், எத்தனை கோடி என்று கேட்பதைவிட, சரக்கு நம் கரையில் இறங்குமா என்று கேட்பது மேல்.

[காட்சி: மறுபடி மண்டபம்]

பாசிக் கதைக்கு வருவோம். 2008-ல் பெப்சிகோ விலகியது. அக்வாக்ரி என்ற இந்தியக் கம்பெனி தொழிலை எடுத்துக்கொண்டது. மானாமதுரையில் அதன் ஆலை இருக்கிறது. பாசிச் சாற்றிலிருந்து பயிருக்கு ஊக்கி தயாரிக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் போன பிறகும் உள்நாட்டுப் பணம் நின்றது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. ஆலை கடற்கரையில் அமையாமல் கடலை விட்டுத் தள்ளிப் போனதில் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

மண்டபத்துக்குப் பக்கத்துக் குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்தது தனி வீடியோவுக்கான விஷயம். ஆனால் அந்தச் சேதம் எந்த முதலீட்டுக் கணக்கிலும் ஏறாது.

2013-ஐ ஒட்டிப் பாசி கூட்டமாகச் செத்தது, விளைச்சல் சரிந்தது. ஒரே தாவரத்தின் துண்டுகளையே திரும்பத் திரும்பக் கட்டி வளர்ப்பதால் நாளாக நாளாக வீரியம் குறைகிறது. இப்போது இதே ராமநாதபுரம் மாவட்டத்து வளமாவூரில் அரசு 127.71 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா அமைக்கிறது. அதன் முக்கிய வேலைகளில் ஒன்று நல்ல விதைப்பாசி தருவது. இன்னும் வாங்குகிறவர்கள் வரலாம், வெளிநாட்டுக்காரர்களும் வரலாம். ஒருவரே வாங்கினால் அவர் சொல்வதுதான் விலை. நாலு பேர் வந்தால் பாசி காயப்போடும் அக்காவும் விலை பேசலாம்.

[காட்சி: கரையில் காயும் பாசி. ஒருவர் அதைப் புரட்டிப் போடுகிறார்.]