கேட்டதைத்தான் செடி கொடுத்தது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காய்கறியில் உடல்நலம் காக்கும் சத்தைக் கூட்டுவதற்கு இன்று தேவை நாட்டு ரகங்களா, புதிய ரகங்களா என்ற கேள்விக்கு, புதிய ரகங்களே என்று வாதிட வந்திருக்கிறேன்.

வீரிய ரகங்கள் வந்த பிறகு காய்கறியில் ருசியும் போயிற்று, சத்தும் போயிற்று என்றார் எதிரணித் தலைவர். அதை நான் மறுக்கவில்லை. அமெரிக்காவில் 43 தோட்டப் பயிர்களின் 1950, 1999 ஆண்டுகளின் அளவுகளை ஒப்பிட்ட ஆய்வு, புரதம், கால்சியம், இரும்பு உள்ளிட்ட ஆறு சத்துகள் சராசரியாகக் குறைந்திருப்பதையும், விளைச்சலை மட்டுமே பார்த்து ரகங்களைத் தேர்ந்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதையும் எடுத்துச் சொன்னது. அத்தனை ஆண்டுகளும் நாம் செடியிடம் கேட்டவை எடை கூட வேண்டும், லாரியில் நசுங்கக் கூடாது என்பவைதாம். கேட்டதைத்தான் செடி கொடுத்தது. சத்தைக் கேட்டால் தராதா?

தந்திருக்கிறது. சிசிலித் தீவில் தானாக வளரும் ஒரு காட்டு முட்டைக்கோசு இனத்தோடு புரோக்கோலியை இங்கிலாந்து ஆய்வாளர்கள் மகரந்தம் சேர்த்துக் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, உடல்நலம் காக்கும் என்று கருதப்படும் குளுக்கோரபனின் என்னும் சேர்மம் இரண்டு மூன்று மடங்கு மிகுந்த ரகத்தை 2011-இல் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பழைய விதையைக் காக்க வேண்டும் என்று எதிரணி சொல்வதும் இங்கேதான் பொருள் பெறுகிறது. அந்தக் காட்டுச் செடி அழிந்திருந்தால் இந்த ரகமே இல்லை.

புரோக்கோலி நம் ராமநாதபுரக் கரைக்கு எட்டாத காய். சர்க்கரைவள்ளி என்னும் சீனிக்கிழங்குக்கு வருகிறேன். நாம் அவித்துத் தின்னும் கிழங்கைப் பிட்டால் உள்ளே வெள்ளையாக இருக்கும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தந்த பூ சோனா ரகத்தைப் பிட்டால் மஞ்சள் கருவைப் போன்ற ஆழ்ந்த நிறம். உடலுக்குள் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின், வழக்கமான ரகங்களில் 100 கிராமுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை, இதில் 14 மில்லிகிராம். அதன் உடன்பிறப்பான பூ கிருஷ்ணாவின் சதை நாவல்பழ நிறம். அந்த நிறத்தைத் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமிச் சத்து 100 கிராமுக்கு 90 மில்லிகிராம். அது உவர்ப்பையும் தாங்கும் என்பதை, கிணற்றில் உப்புக் கரிக்கும் தேவிபட்டினத்துக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நம் மணலில் முதலில் சோதித்துப் பார்த்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பலவகைக் காய்கறி உண்டாலே போதும் என்றார் எதிரணிச் சகோதரி. நல்ல யோசனைதான். ஆனால் வெளியூரிலிருந்து வந்திறங்கும் காய், வலைக்குப் போனவர் கரை திரும்பிப் பங்கு பிரித்தபின் நம் சட்டிக்குள் எத்தனை வகையாக வந்து சேர்கிறது? ஒரு வகைதான் வாங்க முடியும் என்ற வீட்டில், அந்த ஒன்றுக்குள் சத்து மிகுந்திருக்க வேண்டாமா? கரோட்டின் உடலில் சேர எண்ணெய்ப் பசை வேண்டும். அதை நம் மீன்குழம்பு பார்த்துக்கொள்ளும்.

புது ரகம் அந்நியம் என்பதையும் ஏற்க மாட்டேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் உருண்டை வடிவமும் நிறமும், நல்ல பழத்தைப் பார்த்துப் பார்த்து விதைக்கு ஒதுக்கிய விவசாயியின் தேர்வில் நிலைத்தவை அல்லவா?

விதைக்குக் கம்பெனியிடம் கையேந்த வேண்டுமே என்பது கடைசிக் கேள்வி. வீரிய ரகத் தக்காளிக்கு அந்தக் கவலை நியாயமானது. சீனிக்கிழங்குக்கோ விதையே வாங்க வேண்டாம், நடுவர் அவர்களே. ஒரு சாண் கொடியை வெட்டி ஈர மணலில் ஊன்றினால் போதும், அது தழைத்ததும் அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு அப்பால் நின்று இன்னொரு சாண் கேட்பாள்.