சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். மதியம் மிஞ்சிய சாதத்தை ராத்திரி சுடவைத்து, கடுகு தாளித்துக் கிளறிவிட்டால் கவலையில்லை என்பது பல வீடுகளின் வழக்கம். அடுப்பை அந்த அளவுக்கு நம்பலாமா?

பேசில்லஸ் சீரியஸ் என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா. வயலிலிருந்து நெல்லோடு அரிசிக்கும் வந்துவிடும். நெருக்கடி வந்தால் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கும். கொதிக்கும் உலையிலும் அந்த வித்து பிழைத்துக் கிடக்கும். மற்ற கிருமிகள் எல்லாம் செத்தபின், சோறு ஆறி வெதுவெதுப்பாகும் நேரம் பார்த்து, போட்டிக்கு ஆளில்லாமல் முளைக்கும். 10 டிகிரி முதல் 50 டிகிரி வரை பெருகக்கூடியது. நம்மூர் அடுக்களையின் 30 டிகிரி அதற்குத் தொட்டில் மாதிரி.

அப்படிப் பெருகும்போது சில வகைகள் செரியுலைட் என்ற நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கின்றன. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அது அழிவதில்லை. பிரஷர் குக்கர் எட்டுவதே சுமார் 120 டிகிரிதான். மறுபடி சூடு பண்ணும்போது பாக்டீரியா செத்துப்போகும், நஞ்சு அப்படியே தட்டுக்கு வரும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்களிடம்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. ஃப்ரிட்ஜில் வைத்தால் சோறு கட்டி தட்டும், உதிரியாக வறுக்க வராது என்று வேகவைத்த சோற்றை அங்கே இரவெல்லாம் வெளியே வைத்திருந்தார்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது பாத்திரத்தில்தான். அண்டா நிறையச் சாதம் இருந்தால் மேலே தொட்டுப் பார்க்கையில் ஆறியிருக்கும். நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும். அந்தப் பாத்திரத்தை அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாலும் நடுப்பகுதி சீக்கிரம் குளிராது. அகலமான தாம்பாளத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் கனமில்லாமல் பரப்புங்கள். சமைத்த 2 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கீழே உள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். விருந்தில் சூடாகவே வைத்துப் பரிமாறுவதானால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். பயணத்துக்குப் புளியோதரை கட்டியவர்கள் காரியக்காரர்கள்! புளிப்பு இந்த பாக்டீரியாவை அடக்கும். சாம்பார் சாதத்துக்கு அந்தப் பாதுகாப்பு குறைவு.

மீனிலும் இதே சங்கதி உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். வேகவைத்தாலும் பொரித்தாலும் டின்னில் அடைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. மீனில் நாற்றமும் தெரியாமல் இருக்கலாம். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். மீன் ஒத்துக்கொள்ளவில்லை, அலர்ஜி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பிடித்தவுடன் மீனும் ஐஸும் சரிக்குச் சரி எடையில் இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சும் அடுப்புக்கு அடங்காதது. அதற்கு முறிவு மருந்து கிடையாது. வலையில் வந்தால் திருப்பிக் கடலில் விடுவதே சரி.

இனி, அடுப்பு உண்மையிலேயே உதவும் இடத்துக்கு வருவோம். ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சுப்புரதம் கொதிநிலையில் அழியும். 5 மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். குக்கரில் வேகவைப்பவர்களுக்குக் கவலையில்லை. வெளிநாட்டில் ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும். அது 80 டிகிரியிலேயே நின்றுவிட்டால், அரைவேக்காட்டு ராஜ்மா வேகவைக்காத ராஜ்மாவைவிட மோசம்.

மரவள்ளிக்கிழங்கின் கதை வேறு. அதிலுள்ள லினமரின் என்ற நச்சுப்பொருள் வெப்பத்தால் லேசில் சிதையாது. கிழங்கிலேயே இருக்கும் நொதிதான் அதை உடைத்துச் சயனைடாக வெளியேற்றும். முழுக் கிழங்கைக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், லினமரின் உள்ளேயே தங்கும். எனவே தோலை உரித்து, சிறு துண்டாக நறுக்கி, பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும், ஆகவே மூடி போடாதீர்கள். வடித்த நீரைக் குழம்புக்கு எடுக்கவும் வேண்டாம். கசக்கும் கிழங்கை ஒதுக்கிவிடுங்கள்.

பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நஞ்சு பெயரளவில் மகா பயங்கரம். ஆனால் 10 நிமிடம் கொதித்தால் சிதைந்துவிடும். அந்த பாக்டீரியாவின் வித்துகள் மட்டும் கொதிநீருக்கு மசிவதில்லை. அந்த வித்துகள் தேனில் இருக்கக்கூடும். குழந்தையின் குடலில் முளைத்து அங்கேயே நஞ்சைச் சுரக்கும். பிறந்த குழந்தைக்குத் தேனில் சேனை வைப்பதைத் தயவுசெய்து விடுங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம்.

வாந்தி மட்டும் என்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இமை தொங்கினாலோ, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, வாய் மரத்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். சாப்பிட்ட மிச்சத்தைக் கொட்டிவிடாமல் ஒரு டப்பாவில் மூடி, மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.