வாடைக் காத்துக் காலத்தில அலையும் கரைச் சேதமும் படம் எடுக்கிறது எப்படி? | கல்லடி முதல் ஒலுவில் வரை

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வாடை தொடங்கிட்டு. ஒவ்வொரு தாழமுக்கத்துக்குப் பிறகும் ஃபேஸ்புக் முழுக்க அலைப் படமும் உடைஞ்ச மதில் படமும்தான். பார்க்கப் பயங்கரமா இருக்கும். ஆனா அந்த அலை எத்தனை அடி, அந்த மதில் எந்த ஊரு, அதக் காத்துத் தள்ளினதா கடல் அரிச்சதா எண்டு கேட்டா, படத்தில பதில் இருக்காது. அளவு சொல்லாத படம் ரெண்டு நாளைக்கு ஷெயார் ஆகும், அதோட சரி. நஷ்டம் எழுத வாற கிராம சேவகருக்கோ பிரதேச செயலகத்துக்கோ அதால ஒரு பிரயோசனமும் இல்ல. அதனால இண்டைக்கு அளவு தெரியிற மாதிரி எடுக்கிறதப் பத்தித்தான் பேசப் போறம்.

முதல்ல அலை. நம்மட மட்டக்களப்பு, அம்பாறைக் கரை கிழக்குப் பார்த்த கரை. காலையில சூரியன் அலைக்குப் பின்னால நிக்கும். அலை எழும்பி மடியிற அந்த நேரம் உள்ளுக்கால வெளிச்சம் வந்து பச்சையாத் தெரியும். அழகான படம், ஆனா கரையில கிடக்கிற சேதம் எல்லாம் கறுத்துப் போகும். பின்னேரம் ரெண்டரை மூணுக்குப் பிறகு வெயில் நமக்குப் பின்னால, கரைப் பக்கமிருந்து வரும். நுரை, மண், வீடு எல்லாத்திலயும் விவரம் தெரியும். ஆக, அலைக்குக் காலை, சேதத்துக்குப் பின்னேரம்.

அலைய உறைய வைக்க ஷட்டர் வேகம் 1/1000 செக்கன் வேணும், தெறிக்கிற துளி தனித்தனியாத் தெரிய 1/2000. மப்பு நாளில இதுக்கு ஐஎஸ்ஓ, அதான் கமராவிட வெளிச்ச உணர்திறன், 800, 1600 எண்டு ஏறும், பயப்பட வேணாம். படத்தில புள்ளி புள்ளியா வாற கிறெயின் பிரச்சினையில்ல, அசைஞ்சு போன படம்தான் பிரச்சினை. நுரை ஃபிரேம் முழுக்க இருந்தா கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், நுரை சாம்பல் நிறமா வரும். மப்பு எண்டா எக்ஸ்போஷர முக்கால் ஸ்டொப் கூட்டுங்க. வெயில் எண்டா கூட்டாதீங்க. வெளிச்ச அளவக் காட்டுற வரைபடம், ஹிஸ்டோகிராம், வலப்பக்கச் சுவரில முட்டுதா எண்டு பாருங்க, முட்டினா குறைங்க. வெள்ளை எரிஞ்சு போனா, கமரா சுருக்காமச் சேமிக்கிற ரோ ஃபைலாலயும் திருப்பி எடுக்க ஏலாது. போன்ல எடுக்கிற ஆக்கள், நுரையில விரல அழுத்திப் பிடிச்சு லொக் பண்ணிட்டு வெளிச்சத்த மேல கீழ இழுங்க, அதே வேலைதான்.

அலைக்கு அளவு எப்படிக் குடுக்கிற? பக்கத்தில ஒரு தெரிஞ்ச சாமான் வேணும். கரைக்கு ஏத்திக் கிடக்கிற ஃபைபர் போட், கரண்ட் போஸ்ட், சவுக்கு மரம், எதுவானாலும் சரி. ஆனா கவனம். 200 மில்லிமீட்டர் லென்ஸ் தூரத்த ஒடுக்கிக் காட்டும். ஐம்பது மீட்டர் அங்கால உடையிற அலை வீட்டுக் கூரைக்கு மேல நிக்கிற மாதிரி வரும். எடுங்க, வேணாம் எண்டு சொல்லல்ல. ஆனா அதே இடத்தில பக்கவாட்டில இருந்து, கரை நீளத்துக்கு, 35 மில்லிமீட்டரில இன்னொண்டு எடுங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் உண்மை.

இன்னொரு விஷயம். வாடைக் கடல் வேற, சேர்ஃபிங்குக்குப் பேர்போன அறுகம்பையில மே மாதத்திலிருந்து வாற கடல் வேற. அறுகம்பைக்கு வாறது தெற்கில தூரத்திலிருந்து வாற நீண்ட அலை, ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில பன்னிரண்டு பதினாலு செக்கன் இடைவெளி இருக்கும். முனையிலிருந்து ஒழுங்கா மடிஞ்சு வரும், எங்க உடையும் எண்டு முன்கூட்டியே குறி வைக்கலாம். வாடையில ஆறேழு எட்டு செக்கனுக்கு ஒண்டு, கண்டபடி உடையும். அதனால ஒத்தைப் படத்த நம்பாம, தொடர்ச்சியாப் பல படம் எடுக்கிற பேர்ஸ்ட்ல விடுங்க.

இறங்க முதல் இருபது நிமிஷம் மேட்டில நிண்டு பாருங்க. நம்மட பக்கம் வத்துப்பெருக்கு அரை மீட்டர் அளவுதான். ஆகவே வீட்டடிக்குத் தண்ணி வாறது கடல் பெருகுற நேரத்தால இல்ல, காத்துத் தள்ளுறதாலயும் பெரிய அலை கூட்டமா வாறதாலயும்தான். இருபது நிமிஷத்தில வந்த ஆகப் பெரிய அலை எங்க நனைச்சுதோ, அந்தக் கோட்டுக்கு மேல நில்லுங்க. கடலுக்கு முதுகு காட்டாதீங்க. அலையோட தென்னங்குத்தி மிதந்து வந்தா, முழங்காலளவு தண்ணியிலயே கால முறிச்சுப் போடும்.

உப்புத் தூவலுக்கு ஒரு தெளிவான பொலித்தீன் பையும் ரெண்டு இலாஸ்டிக்கும் போதும். பைக்குள்ள கமராவ வைச்சு, லென்ஸ் வாய்க்கு மட்டும் துளை வெட்டி, லென்ஸ் ஹூட்ல இலாஸ்டிக்கால இறுக்குங்க. கண்ணாடியில தூவல் பட்டா உலர்ந்த துணியால தேய்க்காதீங்க, உப்புப் பளிங்கு கீறிப் போடும். நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால ஒத்தி எடுத்திட்டு, பிறகுதான் உலர்ந்த துணி. கரையில லென்ஸ் மாத்தவே வேணாம். ட்ரைபொட்ட வீட்ட வந்ததும் கால் பூட்டெல்லாம் கழட்டி நல்ல தண்ணியில அலசிக் காய வைங்க. ஒரு கிழமை விட்டா மண்ணும் உப்பும் சேர்ந்து இறுகிப் போகும்.

இப்ப சேதம். நம்மட ஆக்கள் 1978 நவம்பர் சூறாவளியக் காத்தாலயும் 2004 டிசம்பர் 26 சுனாமியத் தண்ணியாலயும் ஞாபகம் வைச்சிருக்காங்க. படத்திலயும் அதப் பிரிச்சுக் காட்டணும். காத்து எண்டா சேதம் மேலயிருந்து தொடங்கும். கூரைச் சீற் ஓரத்தில கிளம்பியிருக்கும், ஆணி அடிச்ச துளை நீளமாக் கிழிஞ்சிருக்கும். அந்தத் துளைய கிட்டப் போய் எடுங்க. கடல் எண்டா கீழயிருந்து தொடங்கும். அத்திவாரத்துக்குக் கீழ மண் போய், மதில் அடியில பொந்து விழுந்திருக்கும். மூணாவது வாவி வெள்ளம். அது சுவரில சேத்துக் கோடு விடும். கடல் தண்ணி மண்ணும் கூளமும் ஒதுக்கிப் போகும், காஞ்ச பிறகு வெள்ளை உப்புப் படரும், ரெண்டு மூணு நாளில செடியிட கடல் பக்கத்து இலை கருகும். அதனால முதல் நாள் எடுத்த இடத்த மூணாம் நாளும் எடுங்க.

ஒவ்வொரு இடத்துக்கும் மூணு படமாவது வேணும். தூரத்திலிருந்து ஒண்டு, அதில கோபுரமோ மினாராவோ கரண்ட் போஸ்ட் நம்பரோ, அசையாத ஒண்டு தெரியணும். நடுத்தரமா ஒண்டு. கிட்ட ஒண்டு, அதில அளவு நாடா. நாடா இல்லையா, ஏ4 தாள் வைங்க, நீளப்பக்கம் 29.7 சென்ரிமீட்டர்.

இப்ப ஸ்கிரீன்ல இருக்கிற கிணத்தப் பாருங்க. ஒரு காலத்தில வளவுக்குள்ள, கட்டு மட்டும் வெளிய தெரிஞ்ச கிணறு. இப்ப சுத்தியிருந்த மண் போய், கொங்கிறீட் வளையம் ஒண்டுக்கு மேல ஒண்டா அலைக்குள்ள நிக்குது. நாலு வளையம் வெளிய தெரியுது. ஒரு வளையத்திட உயரத்த அளந்து நாலால பெருக்கினா, கட்டுக்குக் கீழ எவ்வளவு மண் போயிருக்கு எண்டு வருது. மேல் வளையத்தில காஞ்ச பாசி, கீழ் வளையம் புதுசா ஈரமா. அப்ப இது ஒரு நாள் புயல் செய்த வேலை இல்ல.

இந்தப் பிரிப்பு ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் மிச்சம் முக்கியம். கரையோட மண் வடக்க நோக்கி நகருது. ஒலுவில் துறைமுகத்து அலைதடுப்பு அத மறிக்க, தெற்குப் பக்கம் மண் சேருது, வடக்குப் பக்கம் கரை போகுது. அங்க புயலுக்குப் பிறகு எடுத்த படத்த மட்டும் காட்டினா, எல்லாம் புயல்ட கணக்கில போயிடும். கூகுள் ஏர்த்தில பழைய வருஷப் படங்கள் இருக்கு, அதே இடத்த எடுத்துப் பக்கத்தில வைங்க. கரை வெட்டையும் உத்துப் பாருங்க. புது வெட்டில வேர் வெள்ளையா, மண் ஈரமா இருக்கும். பழைய வெட்டில வேர் காஞ்சு, அடம்பன் கொடி திரும்பித் தொங்கும். அந்த வெட்டு விளிம்பில மட்டும் நிக்காதீங்க, அடியில அரிச்சிருக்கும். வாவித் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டி விடுற நேரமும் அப்படித்தான், சில மணித்தியாலத்தில வாய் பல மடங்கு அகலும், நிக்கிற கரையே விழும்.

சரிவு காட்டுறதில ஒரு ஏமாத்து இருக்கு. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில்ட கோபுரம் சுனாமியில உண்மையாவே சரிஞ்சது. ஆனா போன்ல 0.5 அகல லென்ஸ வைச்சு அண்ணாந்து எடுத்தா நேராயிருக்கிற கோபுரமும் சரியும். மெயின் லென்ஸ்ல, போன நிமிர்த்திப் பிடிச்சு, தூரப் போய் எடுங்க. மதில் எண்டா மேசனிட தூக்குக்குண்ட மேலயிருந்து தொங்க விட்டு, நூலும் மதிலும் ஒண்டாத் தெரியிற மாதிரி. கீழ இடைவெளி எத்தனை சென்ரிமீட்டர் எண்டு நாடாவில காட்டினா ஒருத்தரும் மறுக்க ஏலாது.

அறுந்து கிடக்கிற கரண்ட் கம்பிக்குக் கிட்டப் போகாதீங்க, கரண்ட் இல்லாத ஊரிலயும்தான். உடைஞ்ச அஸ்பெஸ்டஸ் சீற்ல ஏறி மிதிக்காதீங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வீட்டுக்குள்ள எடுக்க முதல் வீட்டாக்களக் கேளுங்க. பொம்புளையள், சின்னப் பிள்ளையள் முகம் வேணாம், முகாமில வரிசையில நிக்கிற ஆக்களயும் விடுங்க. ட்ரோன் எண்டா சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில பதிவும் அனுமதியும் வேணும். ஹெலி பறக்கிற நேரம் பெட்டியிலயே இருக்கட்டும்.

கடைசியா ஃபைல். எடுக்கப் போக முதல் கமராவில திகதி, நேரம் சரியா எண்டு பாருங்க, போன்ல லொகேஷன் ஒன் பண்ணுங்க. சேதப் படத்தில கலர், கிறொப் ஒண்டும் வேணாம், ஒரிஜினல் அப்படியே ரெண்டு இடத்தில இருக்கட்டும். வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பினா சைஸும் சுருங்கும், எடுத்த இடம் நேர விவரமும் போயிடும். டொக்கியுமென்டா அனுப்புங்க. ஃபைல் பேரில திகதி, ஊரு, போஸ்ட் நம்பர், பார்த்த திசை. அடுத்த வாடைக்கும் அதே போஸ்ட்டடியில, அதே திசையப் பார்த்துப் போய் நிக்க உங்களுக்கு அந்த நாலும் போதும். சந்தேகம் இருந்தா கீழ எழுதுங்க, எந்தக் கமரா எண்டும் சேர்த்துப் போடுங்க.