ஆறு வருடத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாளாக என்னை விடவே இல்லை. "புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் ஆறு வருடம் பிஎச்.டி. செய்தேன் என்கிறீர்களே, அந்த ஆறு வருடத்தில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள்?" அவ்வளவுதான் கேள்வி. கொஞ்சம் குத்தலாகக் கேட்டாரோ என்னவோ, ஆனால் நல்ல கேள்வி.

பார்த்தது லிஃப்டில்தான். கீழே மருத்துவமனை, மேலே ஆய்வகம். ஒருநாள் வெள்ளைக் கோட்டோடு ஏறிவிட்டேன் (அப்படி ஏறக்கூடாது, அது வேறு விஷயம்). உள்ளே இருந்த ஒரு பெரியவர் "டாக்டரா?" என்றார். இல்லை ஐயா, ஆராய்ச்சி மாணவன் என்றேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். புற்றுநோய் செல்லை வளர்க்கிறேன் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "நான் அதை நிறுத்த வந்திருக்கிறேன், நீங்கள் மாடியில் உட்கார்ந்து வளர்க்கிறீர்களா?" என்று சிரித்தார். நான்காவது மாடி வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

ஆனால் வேலை நிஜமாகவே அதுதான். இன்குபேட்டரில் 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, ஃபிளாஸ்கின் அடியில் ஒட்டிக்கொண்டு செல்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம், அதாவது செல்லுக்குச் சாப்பாடான திரவம், மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. ரோஸ் நிறத்தில் இருக்கும் மீடியம் மஞ்சளாக மாறிவிட்டால், நேற்று வந்திருக்க வேண்டியவர் வரவில்லை என்று அர்த்தம். இடம் நிறைந்துவிட்டால் ஒட்டியிருக்கும் செல்லைக் கழற்றிவிடும் டிரிப்சின் என்ற நொதியை ஊற்றிப் பிரித்து, புது ஃபிளாஸ்கில் போட்டு, மேலே பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். இங்கேதான் நான் எப்போதும் சொல்வதை மறுபடி சொல்கிறேன், பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்: ஃபிளாஸ்கின் மேல் இருப்பது நம் கையெழுத்து, செல்லின் கையெழுத்து இல்லை.

எனக்கு அது மூன்றாவது வருடத்தில்தான் புரிந்தது. ஒரு மருந்தைக் கொடுத்தால் என் செல்கள் அழகாகச் சாகின்றன, நான்கு மாதமாக வரைபடம் வரைபடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், கைடுக்கும் சந்தோஷம். ஒருநாள் ஒரு சீனியர் சும்மா டிஎன்ஏ சாயம் போட்டுப் பார்ப்போம் என்றார். நீல நிறத்தில் உட்கரு மட்டும்தான் தெரிய வேண்டும். அதைச் சுற்றி ரவையைத் தூவினாற்போல் பொடிப் பொடியாகப் புள்ளிகள். மைக்கோபிளாஸ்மா. செல்சுவரே இல்லாத பாக்டீரியா, அதனால் பெனிசிலின் எடுபடாது. மீடியம் கலங்காது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியவும் தெரியாது. சத்தமில்லாமல் கூடவே குடியிருந்து செல்லின் போக்கையே மாற்றிவிடும். செத்தது மருந்தாலா, இதாலா என்று இனி யாரைக் கேட்பது? லேப் மீட்டிங்கில் கைடு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்தத் தேதியிலிருந்து?" அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் நான்கு மாதமும் போயிற்று.

என்னுடையதாவது பாக்டீரியா. செல்லே வேறு ஆளுடையதாக இருந்த கதை இன்னும் பெரியது. ஹீலா செல்லைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்தது, அவரைக் கேட்காமல் எடுத்தது. அதே வருடம் 31 வயதில் அவர் இறந்துவிட்டார், செல் இன்றுவரை வளர்கிறது. அதுவும் அசுர வேகத்தில். கவனக்குறைவாக ஒரு பிப்பெட் வழியாக ஒரு சொட்டு அடுத்த ஃபிளாஸ்குக்குள் போனால் போதும், சில வாரத்தில் அங்கே இருந்ததைத் தள்ளிவிட்டு முழுக்க ஹீலா ஆகிவிடும். மேலே லேபிள் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கும்! 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் ஒரு மாநாட்டில், வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்தவை என்று எல்லோரும் நம்பிய 18 செல் வகைகள் ஹீலாவாகத் தெரிகின்றன என்று சொன்னபோது எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்! குற்ற வழக்குகளில் ஆளை அடையாளம் காண்பதற்குச் செய்கிற அதே மாதிரி டிஎன்ஏ சோதனை இப்போது செல்லுக்கும் உண்டு. செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும், அவசரத்தில் பக்கத்து ஆய்வகத்தில் கடன் வாங்கி அப்படியே ஆரம்பித்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, நோயாளியைப் பற்றித்தானே கேட்டீர்கள், வருகிறேன். எது ஹீலா, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க லாக்ஸ் குடும்பத்தாரின் ரத்தம் தேவைப்பட்டது. 1973-இல் அதற்காக ஆராய்ச்சியாளர்கள் அவர்களைத் தேடிப் போனார்கள். அம்மாவின் செல்கள் உயிரோடு இருக்கின்றன என்பதே பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. 22 வருடம் உலகம் முழுக்க அந்தச் செல்லை வைத்து வேலை செய்துவிட்டு, கடைசியில் கதவைத் தட்டியது லேபிள் குழப்பத்தைத் தீர்க்க.

என்னிடமும் ஹீலா ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. வாரம் இரண்டு முறை கையில் எடுத்திருக்கிறேன். ஹீலா என்பது ஒருவருடைய பெயரின் முதல் எழுத்துகள் என்பது எனக்கு நான்காவது வருடத்தில்தான் தெரியும். அதனால் லிஃப்டில் பார்த்த பெரியவர் ஒன்று, இந்த அம்மா இரண்டு என்று கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.